முன்சில்லின் ஆயுட்காலம்



மாலைப் பொழுதில் கொட்டாஞ்சேனைப் பக்கம் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பர். துறைமுகத்திலும் புறக்கோட்டை மொத்தக் கடைகளிலும் சரக்கேற்றிய லொறிகள் புறப்பட ஆயத்தமாகி நிற்கும். சாரதி கீழே இறங்கி, டயர்களைக் கட்டையால் தட்டி ஓசை கேட்பார். முன்சில்லின் அருகே வந்ததும் குனிந்து விரலால் தடவிப் பார்ப்பார். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அதுவரை இது தாங்குமா என்பதே அவர் கேள்வி. வெள்ளவத்தையில் வாழ்பவர்க்கும் அக்கேள்வி புறம்பானதன்று. காலி வீதியில் நம் பிள்ளைகள் ஏறிச் செல்லும் பஸ்களும் முன்சில்லை நம்பியே ஓடுகின்றன.

பின்னச்சில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர்கள் இணையாக இருக்கும். ஒன்று வெடித்தால் மற்றையது சிறிது நேரமேனும் பாரத்தைத் தாங்கும். முன்னச்சிலோ பக்கத்துக்கு ஒன்றே உண்டு. அது வெடிப்பின் வண்டி அப்பக்கமாக இழுபடும். சுக்கான் சாரதியின் கைக்கு அடங்க மறுக்கும். ஆகவே முன் டயரை எப்பொழுது கழற்றுவது என்பது வெறும் சிக்கனக் கணக்கன்று, உயிர்க் கணக்கு. இக்கணக்கை மனிதன் எவ்வாறு கற்றான் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஆதியில் கனரக வண்டிகளுக்குக் கட்டி இறப்பர் டயர்களே இருந்தன. அவை வெடிப்பதில்லை, ஆனால் வண்டியையும் வீதியையும் உலுக்கி எடுத்தன. காற்றடைத்த டயருக்கு ரொபேட் தொம்சன் 1845இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அது மறக்கப்பட்டுப் போக, 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜோன் டன்லொப் தம் மகனின் முச்சில்லு வண்டிக்காக அதனை மீண்டும் கண்டார். பாரவண்டிக்கும் அது பொருந்தும் என்று காட்ட, அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1917இல் அக்ரன் நகரிலிருந்து பொஸ்ரனுக்கு ஒரு லொறியை ஓட்டியது. வழியில் பல டயர்கள் பழுதாயின. எனினும் லொறி போய்ச் சேர்ந்தது. காற்று மெத்தென்ற ஓட்டத்தைத் தந்தது. கூடவே வெடிக்கும் அபாயத்தையும் தந்தது.

இக்கதையில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளில் முளைத்த ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்தன. அவை கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானியர் வசமானபோது, நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பங்கு இலங்கையினுடையதே. மரங்களின் எதிர்காலத்தையும் பாராமல் பால் வெட்டப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் முதன்முதல் பங்கீட்டுக்குள் வந்த பொருள் டயரேயாகும். டயர் தேயாதிருக்க, மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டலாகாது என்று அங்கே விதித்தனர்.

இவ்வளவு இறப்பர் தந்த நாட்டுக்கு டயர் பெரும்பாலும் கப்பலிலேயே வந்தது. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் அரசாங்க டயர்த் தொழிற்சாலை எழுந்த பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது. அரிதாய்க் கிடைக்கும் பொருளை அடிநூல் தெரியும் வரை பயன்படுத்துவது மனித இயல்பு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் டயர் விலை ஏறியபோது லொறிக்காரர் பலர் அவ்வாறே செய்ய நேர்ந்ததில் வியப்பில்லை.

சட்டம் முதலில் கண்ணுக்குத் தெரிந்ததையே அளந்தது. அதாவது டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளத்தின் ஆழத்தை. மழை வீதியில் நீரை வெளியேற்றுவது அப்பள்ளமே. பிரித்தானியா 1968இல் 1 மில்லிமீற்றர் என்ற எல்லையை வகுத்தது. அமெரிக்கச் சட்டமோ முன்சில்லைத் தனியே பிரித்து நோக்கியது. லொறியின் ஏனைய டயர்களுக்கு ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர் போதும். முன் டயருக்கு அதன் இருமடங்கான 3.2 வேண்டும். பஸ்ஸின் முன்சில்லில் மேற்பாகம் புதுப்பித்த டயரைப் பூட்டுவதையும் அச்சட்டம் தடுத்தது.

ஆயினும் பள்ளம் ஆழமாயிருந்தால் டயர் நல்லதுதானா? இதற்கு விடை துயரத்தோடு வந்தது. 2012 செப்ரெம்பரில், இங்கிலாந்தில் இசைவிழாவொன்றிலிருந்து திரும்பிய பஸ் ஒன்றின் முன் டயர் வெடித்தது. சாரதியும் இரு இளம் பயணிகளும் மாண்டனர். டயரின் பள்ளம் சட்டத்துக்கு அமைவாகவே இருந்தது. ஆனால் அதன் வயது 19 ஆண்டுகளுக்கு மேல். அந்தப் பஸ்ஸை விடவும் அது மூத்தது! மகனை இழந்த தாயொருவர் ஓயாது போராடினார். 2021 பெப்ரவரி முதலாந் திகதி தொடக்கம், 10 ஆண்டு கடந்த டயரை லொறி, பஸ் ஆகியவற்றின் முன்னச்சில் பூட்டுவது பிரித்தானியாவில் தடை செய்யப்பட்டது.

காரணம் யாது? இறப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் அதனை இறுகச் செய்து வெடிப்புகளை உண்டாக்கும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். கொழும்பு போன்ற வெப்ப நகரில் இதனை மறத்தலாகாது. காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது மேலும் சூடேறும். உள்ளே பதித்த இழைகள் பிரியும். வெளியே அழகாயிருக்கும், உள்ளே நொந்திருக்கும்.

எனவே சாரதியின் விரலோடு கண்ணும் துணை நிற்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1215 எனின் 2015ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வாரத்தில் வார்க்கப்பட்டது என்பது பொருள். பஞ்சிகாவத்தையில் பழைய டயர் வாங்குவோரும் முதலில் பார்க்க வேண்டியது இதுவே. இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்தால் சில்லின் நேர்ப்பாடு பிழை. காரணத்தைத் திருத்தாமல் டயரை மட்டும் மாற்றினால் புதியதும் அவ்வாறே அழியும். பக்கச் சுவரில் வீக்கமோ வெட்டோ கண்டால், பள்ளம் எவ்வளவு இருப்பினும் அன்றே கழற்ற வேண்டும்.

"இன்னும் ஓடுமே, இப்போதே கழற்றுவதா?" என்று லொறிச் சொந்தக்காரர் கேட்பார். அது நியாயமான கேள்வி. தேய்வு எல்லையை நெருங்கிய, மற்றும்படி குறையில்லாத டயரைப் பின்னச்சுக்கு மாற்றலாம். அங்கே அது எஞ்சிய நாளை உழைத்துத் தீர்க்கும். ஆகவே முன்சில்லில் சற்று முந்திக் கழற்றுவது பணத்தை எறிவதாகாது. மூப்படைந்த டயருக்கோ அவ்விடமும் உரியதன்று.

சட்டங்கள் பலவும் ஒரு சாவுக்குப் பின்னரே எழுதப்பட்டன. கொட்டாஞ்சேனையில் புறப்பட ஆயத்தமாகி நிற்கும் சாரதிக்கு அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. அந்த நான்கு இலக்கங்களை வாசிக்க ஒரு நிமிடமும் ஆகாது.