கோவை விவசாயக் கலாசாலைக் கட்டடங்களின் வரலாறு

ஸ்ரீவில்லிபுத்தூர் இராஜகோபுரத்தைக் காண்போர் அதன் 11 நிலைகளையும் எண்ணி வியப்பர். ஆயின் அக்கோபுரத்துக்குப் பெருமை தருவது அதன் உயரம் மட்டும் அன்று. உள்ளே இடையறாது நடைபெற்றுவரும் வழிபாடேயாம். கல்விக் கட்டடங்களுக்கும் இஃது ஒக்கும். எந்நிலத்தில், எக்காரணம்பற்றி ஒரு கட்டடம் எழுந்தது, அதனுள் நிகழ்ந்த தொழில் யாது என்று ஆராய்தலே அதன் வரலாற்றை அறியும் முறை. அம்முறையால், கோயமுத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கட்டட வரலாற்றை நமது சங்கத்து அன்பர்கள் பொருட்டு ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

இதன் தொடக்கம் கோயமுத்தூரில் அன்று. 1868-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் நிறுவப்பெற்ற விவசாயப் பாடசாலையே இதற்கு வித்து. அதன்பின் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். விவசாயத்தை ஆராய்ந்து திருத்தும் இலாகாக்கள் வேண்டும் என்று 1880-ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷன் வற்புறுத்தியது. கடலோர நகரம் ஒன்றன் அருகே உள்ள சிறு பண்ணை, மாகாணத்தின் பலவகை மண்ணுக்கும் சான்றாகாது என்பதும் நாளடைவில் புலனாயிற்று.

கோயமுத்தூரிலோ செம்மண் உண்டு, கரிசல் உண்டு. நொய்யலாற்றுப் பாய்ச்சலால் விளையும் நன்செய் உண்டு. கிணற்றுப் பாசனத் தோட்டமும் உண்டு. ஆதலின் 1906-இல் கலாசாலை அங்கு மாற்றப்பெற்றது. அவ்வாண்டில் பதவியேற்ற கவர்னர் ஸர் ஆர்தர் லாலியின் காலத்திலேயே, 1909-இல், புதிய கட்டடம் திறக்கப்பெற்றது. அவர் பெயர் இன்றும் அதன் முன்னுள்ள லாலி ரோட்டில் நிலவுகின்றது. இந்திய முறையும் மேனாட்டு முறையும் விரவிய இந்தோ-சாரசனிக் பாணியில், வளைவுகள் நிரையாக அமைய எழுந்தது அக்கட்டடம். இதனினும் கருதத்தக்கது ஒன்று உண்டு: கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் ஒருங்கே வைக்கப்பெற்று, நன்செய்யும் தோட்டமும் சூழ நிற்குமாறு இடம் தெரிந்தெடுக்கப்பெற்றமையாம். மாணவன் ஏட்டில் கற்றதை வயலிற் சென்று பார்க்கலாம். வயலிற் கண்ட நோயைச் சோதனைச்சாலையில் ஆராயலாம்.

அக்காலத்து எழுந்த பிறிதொரு கட்டடத்தையும் ஈண்டு ஒப்புநோக்குவோம். பீகார் நாட்டுப் பூசாவில், அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த 30,000 பவுன் நன்கொடையின் துணையால், 1905-இல் ஒரு பெரிய விவசாய ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. 1934 ஜனவரியில் நேர்ந்த பூகம்பத்தால் அம்மாளிகை பாழாயிற்று. 1936-இல் நிலையம் டில்லிக்குப் பெயர்ந்தது. கட்டடம் போயினும் வேலை போகவில்லை. டில்லியில் அஃது அமைந்த இடமும் பூசா என்றே வழங்கலாயிற்று.

கோவைக் கலாசாலையை அடுத்து 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் ஏற்பட்டது. வடநாட்டில் கரும்பு பூத்து விதை கொள்ளுதல் அரிது. கோயமுத்தூரின் தட்பவெப்பத்தில் அது நன்கு பூக்கும். இவ்வொரு காரணத்தால் பார்பர் துரையும் டி. எஸ். வெங்கட்ராமனும் நல்ல கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து புதுவகை காண இயன்றது. அவ்வாறு பிறந்த கோ 205 என்னும் கரும்பு 1918-இல் பஞ்சாப் உழவர்க்கு வழங்கப்பெற்றது.

பிற்கால வளர்ச்சியும் அறியத்தக்கது. 1920-இல் கலாசாலை சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்தது. 1965-இல் மதுரையில் ஒரு விவசாயக் கல்லூரி தோன்றியது. 1971 ஜூன் 1-ஆம் நாள் கோவைக் கலாசாலை தானே பல்கலைக்கழகமாயிற்று. 2018-இல் பூச்சியினங்களுக்கெனத் தனிக் காட்சிச்சாலையும் அவ்வளாகத்தில் திறக்கப்பெற்றது.

இவற்றால் நமக்கென்ன என்று வினவுவார் உளர். இராஜபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் நூலாலை நிறுவியது தொட்டு, நம் பகுதியின் வாழ்வு பருத்தியோடு பிணைந்தது. நீண்ட இழையுடைய எம். சி. யு. 5 என்னும் பருத்தி கோயமுத்தூரில் உருவாகி 1968-இல் வெளிவந்தது. அப்பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் நமது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உள்ளது. 1996-இல் அங்கிருந்து வந்த எஸ். வி. பி. ஆர். 2 என்னும் வகை நம் ஊர்ப்பெயரையே தாங்கி நிற்கின்றது. கோவையில் நட்ட மரத்தின் விழுது ஒன்று நம் வாயிலில் ஊன்றியிருப்பவும், அதனுள் ஒருமுறையேனும் புகுந்து பாராதவர் நம்மில் எத்துணையர்!

இன்று நம்மவருள் நிலத்தை மனையாக்கி விற்போர் மிக்கனர். உழவைத் தாழ்வென எண்ணும் இளைஞரும் உளர். மண்டபம் எழுப்ப மனமுவந்து பொருள் தருவோர், ஒரு மாணவனை விவசாயம் கற்பிக்கத் தருவதில்லை. சைதாப்பேட்டையை விட்டு நீங்கியும், பூசாவில் மாளிகை இழந்தும் அழியாது நின்றது வேலையொன்றே என்பதை நாம் மறத்தலாகாது. ஆண்டுதோறும் ஒரு மாணவனின் விவசாயக் கல்விச் செலவைச் சங்கம் ஏற்பதாக. நிலமுடையோர் விதைக்கு முன் தம் மண்ணைச் சோதிப்பித்து, ஆராய்ச்சி நிலையத்தாரைக் கலந்து பயிரிடுவாராக. இனி எக்கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினும், அதனுள் நடக்கவிருக்கும் வேலை யாது என்று முதற்கண் வினவி, அதன்பின் பொருள் ஈவோமாக.