பல்லாவரத்துக் கல்

பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் போகிறவர்கள், ஊர் நெருங்கும்போது ஒரு குன்றைப் பார்த்திருப்பார்கள். பார்த்ததோடு சரி. "அது என்ன கல்?" என்று கேட்டால், "கருங்கல்தான், வேறென்ன?" என்பார்கள். கல்தச்சரும் அதையேதான் சொல்வார்.

ஆனால் 1893-ம் ஆண்டில் ஒருவர் அந்தப் பதிலோடு திருப்தியடையவில்லை. அவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து. அவர் ஆராய்ந்தது குன்றை அல்ல. கல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்து வளாகத்திலுள்ள ஒரு சமாதிக் கல்லை. 1690-ல் அங்கே வந்திறங்கிய கும்பினி வியாபாரி ஜாப் சார்னாக்கின் சமாதி அது. அந்தக் கல்லும், நம் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள பாறையும் ஒரே இனம் என்று கண்டார் ஹாலந்து.

எப்படிக் கண்டுகொள்வது? சாதாரணக் கிரானைட்டில் குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் வெளுப்பாயிருக்கும். நடுநடுவே அப்பிரகம் மினுக்கும். பல்லாவரத்துக் கல்லிலும் முதல் இரண்டும் உண்டு. ஆனால் புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவினாற்போல் கறுத்து, நீலம் பாய்ந்திருக்கும். அப்பிரகத்துக்குப் பதிலாக ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கும். கல்லைக் காகிதத்தைவிட மெல்லிய சீவலாக்கி நுண்பெருக்கியில் வைத்துத் திருப்பினால், அந்தக் கனிமம் ஒரு சமயம் இளஞ்சிவப்பாகவும் ஒரு சமயம் பச்சையாகவும் தோன்றும். அப்பிரகம் உண்டாக ஈரம் வேண்டும். இந்தக் கல்லோ சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், ஈரமற்ற கடும் வெப்பத்தில் வெந்தது.

புதுக் கல்லுக்குப் பெயர் வேண்டுமே! கல்கத்தாவை ஸ்தாபித்தவர் என்ற மரியாதையில் 'சார்னாக்கைட்' என்று வைத்தார் ஹாலந்து. இன்று இலங்கையிலும் நார்வேயிலும் அண்டார்க்டிகாவிலும் இந்த இனத்துக்கு அதுதான் பெயர். கல்கத்தாவை ஸ்தாபித்தவர் சார்னாக் அல்ல என்று 2003-ல் கல்கத்தா உயர்நீதி மன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நகரம் கைவிட்டவரைக் கல் கைவிடவில்லை!

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் பல்லாவரத்தில் ஒரு குகைக் கோயில் குடைந்து, தன் பட்டப் பெயர்களை வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்தான். அந்தக் குகை பிற்காலத்தில் தர்காவாயிற்று. பாறையிலே பெயர் பொறித்த அரசன் பெயர் பாறைக்குக் கிடைக்கவில்லை. பாறைக்கு அடியில் படுத்தவர் பெயர் கிடைத்தது.

இப்போது இந்த இடத்தைத் தேசிய நிலவியல் சின்னம் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முன்பே ஜல்லிக்காக உடைத்த பாறை எவ்வளவோ! வெட்டியெடுத்த பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. எல்லாம் கருங்கல்தானே என்று நாம் இருந்துவிட்டதன் விலை அது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், உடைந்து கிடக்கும் ஒரு துண்டை வெயிலில் திருப்பிப் பாருங்கள்.