முதலில் ஏந்திய கரம்

ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தவர் யார்? கேட்ட மாத்திரத்தில் விடை வரும். 1820களில் சேலம் கலெக்டராக வீற்றிருந்த காக்பர்ன் துரை! அதே சேர்வராயன் மலையிலே, வாழவந்தியிலும் சூழவுள்ள சிற்றூர்களிலும், அந்தக் காப்பியைப் பறித்த கரங்கள் பிறந்தபோது அவற்றை ஏந்தியவள் யார்? விடையில்லை. செடிக்கு வரலாறு உண்டு, சேய்க்கு இல்லை!

இம்மலையிலே பாடம் சொல்லும் நான், பள்ளிப் பதிவேட்டை எழுதும்போதெல்லாம் இதை எண்ணுவேன். தந்தை பெயர், பிறந்த நாள், சாதி. எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. நள்ளிரவில் மலைப்பாதை ஏறிவந்து தொப்புள்கொடி அறுத்தவளுக்குக் கட்டம் இல்லை. (சாதிக்கு மட்டும் தவறாமல் இருக்கிறது. அது கிடக்கட்டும்.)

சமவெளியின் கதை இன்னும் கொடிது. அங்கே பேறு பார்த்தவள் பெரும்பாலும் முடிதிருத்தும் குலத்துப் பெண். மருத்துவச்சி என்பது பெயர். வலி கண்ட வேளையிலே அவள் ‘தாயே!’ பிள்ளை பிறந்த பின்னரோ, கொல்லைப்புறத்தில் நின்று கூலி பெறவேண்டியவள். ஏன்? தீட்டாம்! உதிரத்தில் நனைந்து உயிர் காத்த கை தீட்டு. திண்ணையில் அமர்ந்து சாதகம் கணித்த கை தூய்மை! என்னே நீதி!

இந்தத் தூய்மை எத்தனை உயிரைக் குடித்தது? திண்டிவனத்தைக் கேளுங்கள், தோழர்களே! 1890களின் தொடக்கம். ஒரே இரவில் மூன்று ஆடவர், தனித்தனியே, ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில். “என் தந்தை மருத்துவர், அழைத்துச் செல்லுங்கள்” என்றாள் அவள். அயல் ஆடவன் தொடலாகாது என்றனர் மூவரும். சமயத்தால் வேறுபட்டவர்கள், மறுப்பதிலே மட்டும் ஒன்றுபட்டார்கள்! பொழுது விடிந்தது, மூன்று பெண்களும் பிணமாயினர். அப்பெண் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று மீண்டாள். 1918இல் வேலூரிலே பெண்களுக்கென மருத்துவப் பள்ளி எழுந்தது.

படித்த கை எல்லாம் பழுதற்ற கை என்று எண்ணிவிடவும் வேண்டாம். பகுத்தறிவு இருபுறமும் வெட்டும் வாள். வியன்னா நகர மருத்துவமனையில் 1840களில் இரு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. மருத்துவர்கள் பார்த்த பிரிவில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் அளவில் மாண்டனர். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் நான்கு அளவில். காரணத்தைத் தேடினார் செம்மல்வைஸ். மருத்துவர்கள் பிணத்தை அறுத்த கையோடு பேறு பார்க்க வந்தனர்! 1847இல், குளோரின் நீரில் கை கழுவச் சொன்னார். சாவு சரிந்தது. ஆயினும் மேதைகள் பலர் அவரை ஏற்கவில்லை. அவர்களுக்கும் தங்கள் கை தூய்மை என்ற நம்பிக்கை. ஒரு வகைப் பட்டர்கள்தாம்!

சென்னையிலோ 1844இல் மகப்பேற்று மருத்துவமனை தோன்றியது. 1854இல் அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கிற்று. 1912இல், பொட்டுக்கட்டும் வழக்கத்தால் இழிவுற்ற குலத்துத் தாய் பெற்ற முத்துலட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

ஆனால் மருத்துவமனைக் கட்டில் ஒன்றைப் பறித்துக்கொண்டது: பக்கத்தில் அமர்ந்து கைபிடிக்கும் பெண்ணை. மேலைநாடுகள் அவளை மீண்டும் தேடி ‘டூலா’ என்று பெயரிட்டன. கிரேக்கத்தில் அச்சொல்லுக்குப் பணிப்பெண், அடிமை என்று பொருளாம். அங்கும் அந்தக் கை அடிமைக் கைதான்! 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்டனர். இடையறாத துணை இருந்தால் வலிநேரம் குறைகிறது, அறுவைப் பேறும் குறைகிறது என்பது முடிவு. தமிழ்நாடோ 2004இலேயே அரசு மருத்துவமனைகளில் பிறப்புத் துணைக்கு வாயில் திறந்துவிட்டது.

என் மாணவி ஒருத்தியின் பாட்டி, இம்மலையில் முன்னாளில் பேறு பார்த்தவர். பேத்தியை ஈன்ற நாளில் மகளுக்குத் துணையாக உள்ளே சென்றாராம். “நீங்கள் என்ன செய்தீர்கள், அம்மா?” என்றேன்.

“ஒண்ணும் செய்யல, வாத்தியாரே. நர்சம்மா பார்த்துக்கிட்டாங்க. நான் முதுகைத் தடவிக்கிட்டே இருந்தேன்” என்றார்.