கக்கத்தில் மடித்த கோட்டு

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு கோட்டு இருக்கிறது. ஒரு காலத்தில் கறுப்பு. இப்போது பழுப்பேறிக் கிடக்கிற கம்பளிக் கோட்டு. 1930களில் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த எங்கள் தாத்தாவுடையது. அவர் போன பிறகும் ஆயா அதை விடவில்லை. வருசத்துக்கு ஒரு தரம் வெயிலில் காயவைத்து, பாச்சா உருண்டை போட்டு மறுபடி மடித்து வைத்துவிடும். ஆயாவுக்குப் பிறகு எங்கள் அம்மா அதைச் செய்தது.

போன வருசம் அண்ணன் மகள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சென்னையில் கல்லூரியில் படிக்கிற பெண். பழைய துணிக்கு அங்கே இப்போது நல்ல மதிப்பு. 'வின்டேஜ்' என்கிறார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் "எங்கடி வாங்கின? ஒரிஜினலா?" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாளும் கோட்டை ரசித்துப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தாவோடதா? வக்கீலா இருந்தாரா?" என்று கேட்டிருக்கிறார். "எங்க அப்பாவோட தாத்தா. சுரங்கத் தொழிலாளி" என்று இவள் சொல்ல, அந்த அம்மாள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டார்: "உங்களுக்கு எந்தப் பக்கம்? ஊருல எந்தத் தெரு?" இந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று நம்மில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

லீவுக்கு வந்தபோது அதே கோட்டோடு வாசலில் வந்து நின்றாள். அண்ணன் பார்த்தார். "கழட்டு அத மொதல்ல. நாங்க பழசப் போட்டு அலைஞ்சது பத்தாதா? பாக்கறவன் இன்னா நெனப்பான்? பொண்ணுக்குத் துணி எடுத்துக் குடுக்க வக்கில்லன்னுதான நெனப்பான்?"

"இது ஃபேஷன்ப்பா."

"யாருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். "சித்தப்பா, நீயாவது சொல்லு." அன்றைக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அண்ணன் கேட்ட 'யாருக்கு' என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

அண்ணனின் கோபம் ஒரு சட்டையிலிருந்து வருகிறது. 1970களில் அவர் ஐந்தாவது படித்தபோது அம்மா ஊரில் ஒரு பெரிய வீட்டில் சாணி அள்ளிக் கொட்டகை கூட்டும். தீபாவளி முடிந்ததும் அந்த வீட்டுப் பையன் போட்டுக் கழித்த சட்டை எங்கள் வீட்டுக்கு வரும். கட்டம் போட்ட சட்டை, காலர் மட்டும் கொஞ்சம் பிரிந்திருந்தது. அண்ணன் ஆசையாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். அந்தப் பையனும் அதே வகுப்பு. "டேய், அது என் சட்டைடா" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அதற்குப் பிறகு அண்ணன் கிழிந்து போன தன் சட்டையைப் போடுவாரே ஒழிய வந்த சட்டையைத் தொடமாட்டார். வேலை கிடைத்து முதல் மாதச் சம்பளத்தில் வேலூர் போய் வீட்டில் எல்லாருக்கும் புதுத்துணி எடுத்தார். இன்றைக்கும் இஸ்திரி போடாத சட்டையோடு தெருமுனைக்குப் போகமாட்டார். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் தெருவில் வந்தால் அனுப்பிவிடுவார். "நம்ம பழச இன்னொருத்தன் ஒடம்புல பாக்கக் கூடாது" என்பார்.

இது எங்கள் அண்ணனின் தனிக்குணம் என்று நினைத்தால் தவறு. பழைய துணி நமக்கு வறுமையால் மட்டும் வந்ததில்லை. அது நமக்கென்று எழுதி வைக்கப்பட்டது. மனுவின் பத்தாம் அத்தியாயம், சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும், இரும்பு நகை அணிய வேண்டும், பிணத்தின் துணியே அவர்களுக்கு உடை என்று சொல்கிறது. ஊழியம் செய்யும் சூத்திரனுக்கு எச்சில் சோறும் பழைய துணியும் கொடுக்கச் சொல்வதும் அதே அத்தியாயம்தான். படித்தவர்கள் இதை 'ஏட்டுச் சுரைக்காய்' என்று ஒதுக்கப் பார்ப்பார்கள். சுடுகாட்டு வேலை பார்த்த நம் பெரியவர்களைக் கேளுங்கள். பிணத்தின் மேல் போர்த்துகிற கோடித்துணியை எடுத்துக்கொள்வது 'வெட்டியான் உரிமை' என்றே பேசப்பட்டது. புத்தம்புதுத் துணி சேரிக்குள் வரவேண்டுமானால் ஊரில் ஒரு சாவு விழ வேண்டும். இதற்குப் பெயர் உரிமை!

*

உடுத்துவதில் யாருக்கு என்ன சுதந்திரம் இருந்தது என்று பார்க்கப் பக்கத்துப் பக்கத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை வைத்துப் பார்ப்போம்.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். கதர் வாங்க வழியில்லாத ஏழைகளை முன்னிட்டு இந்த முடிவு என்றார். உலகம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

மதுரைக்கு அடுத்தது இராமநாதபுரம் மாவட்டம். அங்கே 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. தங்கம், வெள்ளி நகை கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின. இவற்றை ஹட்டன் பதிவு செய்தார். 

ஒன்பது வருச இடைவெளிதான். ஒருவர் முழங்காலுக்கு மேல் வேட்டியை ஏற்றிக் கட்டியபோது அது தியாகம். இன்னொருவன் முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டியபோது அது குற்றம். காந்தியின் நோக்கத்தை இங்கே நான் கிளறவில்லை. கழற்றுவதற்கு அவரிடம் ஒரு சட்டை இருந்தது, கழற்று என்று அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். எளிமையும் பழமையும் தேர்ந்தெடுக்க முடிந்தவனுக்குத்தான் அழகு.

அதனால்தான் நம் போராட்டங்கள் பழசைக் கழற்றி எறிவதில் தொடங்கின. அய்யன்காளி 1893இல் தலைப்பாகை கட்டி, வெள்ளை வேட்டி உடுத்தி, வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். 1915இல் கொல்லத்தில் புலையர் பெண்கள், சாதி அடையாளமாகக் கழுத்தில் சுமந்து வந்த கல்மாலைகளை அவர் முன்னிலையில் அறுத்து எறிந்தார்கள். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து அங்கே கூடிய பெண்களிடம் அம்பேத்கர், தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் சேலைக்கட்டையும் நகைகளையும் விடச் சொன்னார். பெண்கள் சேலையைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டினார்கள். நம் உடம்பில் என்ன கிடக்க வேண்டும் என்று எழுதிய புத்தகமும், அது சொன்னபடி கட்டிய சேலைக்கட்டும் ஒரே வாரத்தில் போயின.

அம்பேத்கரின் கோட்டையும் சூட்டையும் 'வெள்ளைக்காரன் வேசம்' என்று கேலி பேசியவர்கள் உண்டு. நம் வீடுகளில் மாட்டியிருக்கும் படத்தில் அவர் கோட்டோடு ஏன் நிற்கிறார் என்று நம் கிழவிகளுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் அந்தக் கோட்டுப் போட்ட சிலையைக் கம்பிக்கூண்டுக்குள் வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இதெல்லாம் பழங்கதையா? 2012இல் ஒரு சாதிக் கட்சித் தலைவர், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங்கிளாசும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று வெளிப்படையாகவே பேசினார். அந்த வருசம் நவம்பர் 7 அன்று தருமபுரிப் பக்கம் நத்தம் காலனியிலும் பக்கத்துச் சேரிகளிலும் 200க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2018இல் குஜராத்தில் ஒரு தலித் சிறுவன் மோஜ்டி போட்டதற்காக அடிக்கப்பட்டான். மோஜ்டி என்பது ராஜாக்கள் காலத்துப் பழைய பாணிச் செருப்பு. ஜீன்ஸ் புதுசு, அதற்கும் அடி. மோஜ்டி பழசு, அதற்கும் அடி. ஆக, துணியின் வயசை யாரும் பார்ப்பதில்லை. போட்டிருக்கிற உடம்பைத்தான் பார்க்கிறார்கள்.

*

இனித் தாத்தாவின் கோட்டுக்கு வருகிறேன்.

வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக நம் சனம் தங்கவயலுக்குப் போனது. பூமிக்குள் உயிரைப் பணயம் வைக்கிற வேலைதான். ஆனால் கூலி நெல்லாக இல்லாமல் காசாக வந்தது. அந்தக் காசை எந்தக் கடையில் செலவழிப்பது என்று ஆண்டை சொல்ல முடியாது. அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. மனிதன் நிமிர்ந்து நடக்க அங்கே இடம் இருந்தது.

தாத்தா பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது கோட்டுப் போட்டுக்கொண்டுதான் ரயிலேறுவாராம். ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் நகர்ந்து இடம் கொடுத்து, "அய்யாவுக்கு எங்க உத்தியோகம்?" என்பார்களாம். குடியாத்தம் ரயிலடியில் இறங்கி நடப்பார். ஊர் எல்லைப் புளியமரம் வந்ததும் கோட்டைக் கழற்றி, குறுக்கே மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடப்பார். சேரிக்குள் கால் வைத்ததும் மறுபடி மாட்டிக்கொள்வார். பொதுத்தெருவில் எல்லாரும் நடக்கலாம் என்று 1924இலேயே இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் நிறைவேற்றியிருந்தார். தெரு திறந்தது. கோட்டு கக்கத்தில்தான் இருந்தது.

வீட்டில் அவருடைய அம்மா அழும். "ஏண்டா வம்ப வெலைக்கு வாங்கற? அத அங்கயே வெச்சிட்டு வரக் கூடாதா?" ஒரு வருசம் அவர் புளியமரத்தடியில் கழற்றவில்லை. அப்படியே நடந்து வந்துவிட்டார். யாரும் கை வைக்கவில்லை. அந்த அறுப்புக்கு எங்கள் வீட்டு ஆட்கள் ஒருத்தரையும் களத்துக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். தாத்தா ஆயாவைக் கூட்டிக்கொண்டு தங்கவயல் போனவர், அப்புறம் சாவுக்கு மட்டும்தான் ஊருக்கு வந்தார்.

இதை ஆயா எனக்குச் சொல்லியிருக்கிறது. அண்ணனுக்குத் தெரியாது. அவர் கேட்டு வளர்ந்தது ஊர்க்காரர்கள் சொன்ன கதை: 'தொர போட்டுக் கழிச்ச கோட்டு.' தன் சட்டையைப் போலத் தாத்தாவின் கோட்டும் எவனோ கழித்துப் போட்டது என்றே இத்தனை வருசம் நினைத்திருந்தார்.

மகள்தான் அன்று ராத்திரி கேட்டாள். "சித்தப்பா, முதுகுல குறுக்க ஒரு கோடு வெளுத்திருக்கே, அது இன்னா?" கக்கத்து மடிப்பு என்று சொல்லி முழுக் கதையையும் சொன்னேன். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கோட்டைப் புரட்டினார். உள்பக்கம் ராபர்ட்சன்பேட்டைத் தையல்கடையின் துணிச்சீட்டு பாதி அழிந்து கிடந்தது. இடது தோள் ஒரு விரல் அளவு இறக்கி வெட்டியிருந்தது. சுரங்கத்தில் ஒருமுறை அடிபட்டதில் தாத்தாவுக்கு இடது தோள் இறங்கியிருந்தது. எந்தத் துரைக்கும் அந்தத் தோள் கிடையாது. அவர் உடம்புக்கு அளவெடுத்து, அவர் காசில் தைத்த கோட்டு.

பஸ்ஸில் வந்த அம்மாள் அதை வக்கீலுடையது என்றார். ஊர்க்காரர்கள் துரையுடையது என்றார்கள். எழுபது, எண்பது வருச இடைவெளியில் இரண்டு பேரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். எங்களிடம் நல்ல துணி இருந்தால் அது வேறொருவருடையதாகத்தான் இருக்க வேண்டும். நாங்களே காசு கொடுத்து வாங்கியிருப்போம் என்பது மட்டும் அவர்கள் புத்திக்கு எட்டாது. அதைவிடக் கொடுமை, நாங்களே அதை நம்பியது.

அண்ணன் கோட்டை மகளிடம் கொடுத்தார். "பொத்தான் ஒண்ணு போயிருக்கு. தெச்சுப் போடு. இஸ்திரி பண்ணாம போடாத." அந்த வெளுத்த கோடு மேல் இஸ்திரி படக் கூடாது என்று அவள் சொன்னதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தோழர்களே, நம் சனத்தின் வரலாறு ஆவணக் காப்பகங்களில் குறைவு, பெட்டிகளில் அதிகம். ராணுவத்துக்கும், ரயில்வேக்கும், தங்கவயலுக்கும், மலாயாவுக்கும், தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்களின் சட்டையோ கோட்டோ புடவையோ உங்கள் வீட்டில் கிடக்கலாம். பழசு என்று எறிந்துவிடாதீர்கள். வீட்டுக் கிழவியை உட்காரவைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: யார் காசில் வாங்கியது? எங்கே போட்டுக்கொண்டு நடந்தார்கள்? எந்த இடம் வந்ததும் கழற்றினார்கள்? பதிலை எழுதி அந்தத் துணியோடு சேர்த்து வையுங்கள்.