கடலைக் காணும் கண்களும் கேட்கும் காதுகளும்

ஒரு மாலை நேரத்தில் கடற்கரையில் நீரோரமாக நின்று தொலைவை நோக்குங்கள். வானமும் கடலும் கூடுவதாகத் தோன்றும் அந்தக் கோடு எவ்வளவு தொலைவில் இருக்கிறது? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால் ஐம்பது கிலோமீட்டர், நூறு கிலோமீட்டர் என்று விடைகள் வரும். உண்மையில் அது ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. பூமி உருண்டை. அதனால் நம் பார்வைக் கோடு விரைவிலேயே நீர்ப்பரப்பைத் தொட்டுவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ளவை வளைவின் மறைவில் இருக்கின்றன.

அடிவானத்தின் தொலைவைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்குங்கள். விடை கிலோமீட்டரில் வரும். 1.7 மீட்டர் உயரத்துக்கு 4.7 கிலோமீட்டர். 45 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கின் உச்சிக்கு 24 கிலோமீட்டர். கப்பலின் பாய்மரத்தில் 25 மீட்டர் உயரத்தில் பொருத்திய ராடாருக்கும் கடல்மட்டத்தில் கிடைக்கும் வீச்சு 20 கிலோமீட்டர் அளவே. ராடாரின் ஆற்றலை எவ்வளவு பெருக்கினாலும் பூமியின் வளைவை அது கடக்காது.

இப்போது அதே ராடாரை ஒரு விமானத்தில் வைத்து 3,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு போவோம். அடிவானம் 195 கிலோமீட்டருக்கு விலகுகிறது. கண்ணுக்கு எட்டும் பரப்பு ஏறத்தாழ 1,20,000 சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டின் பரப்புக்குச் சற்றே குறைவு! கப்பலிலிருந்து தெரிவதோ 1,000 சதுர கிலோமீட்டர் மட்டுமே. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கரையிலிருந்து 200 கடல்மைல் வரை, அதாவது 370 கிலோமீட்டர் வரை, நம் நாட்டின் பொருளாதார உரிமைக்கு உட்பட்ட கடலாகும். அதன் பரப்பு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். கப்பல்களை மட்டும் கொண்டு இதைக் காவல் காப்பது இயலாத காரியம் என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

இந்தக் கடலைக் காண நம் நாடு எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதையே இக்கட்டுரையில் காண்போம். எந்த விமானம் வேகமானது, எதில் ஆயுதம் அதிகம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதைவிட முக்கியமான கேள்வி, அது எதைக் காணும், எதைக் கேட்கும் என்பதாகும்.

குப்பையிலிருந்து எழுந்த விமானங்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, அமெரிக்காவில் செய்யப்பட்ட லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் பல கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்தன. மீண்டும் பறக்கக் கூடாது என்று சேதப்படுத்தி விடப்பட்டவை அவை. 1948இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் பொறியாளர்கள் அவற்றை ஒருவாறு ஒட்டுப்போட்டுப் பெங்களூருக்குப் பறக்கவிட்டு, அங்கே முழுமையாகச் செப்பனிட்டனர். விமானப்படையின் 6ஆம் அணியில் இவை நெடுந்தொலைவு கடற் கண்காணிப்புக்குப் பயன்பட்டு 1968இல் ஓய்வு பெற்றன. ஏர் இந்தியாவின் பயணிகளைச் சுமந்து பழகிய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களும் இதே பணிக்கு வந்தன.

இவ்விமானங்கள் கடலின் மேற்பரப்பைக் கண்டன. கடலுக்கு அடியில் இருப்பது வேறு உலகம்.

1971 டிசம்பர் 9

அன்றைய தினம், பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைத் தேடி ஐ.என்.எஸ். குக்ரி, ஐ.என்.எஸ். கிர்பான் என்னும் போர்க்கப்பல்கள் குஜராத் கடற்பகுதியில், டையூவுக்கு அப்பால் சென்றுகொண்டிருந்தன. பாகிஸ்தானின் ஹாங்கோர் என்னும் அந்த நீர்மூழ்கியோ, நம் கப்பல்களின் ஒலியை வெகு தொலைவிலிருந்தே கேட்டுக் காத்திருந்தது. இரவில் அது ஏவிய டார்பிடோ தாக்கிச் சில நிமிடங்களில் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தம் கப்பலைவிட்டு அகல மறுத்து அதனுடனேயே மறைந்தார். தொடர்ந்து பல நாட்கள் தேடியும் ஹாங்கோர் அகப்படவில்லை. அது கராச்சிக்குத் திரும்பிவிட்டது.

வீரம் குறைந்ததால் நேர்ந்த இழப்பு அல்ல இது. ஒருவர் கேட்டார், மற்றவருக்குக் கேட்கவில்லை. அதுவே வேறுபாடு.

கடலுக்குள் ஒரு கானல் நீர்

ராடாரின் ரேடியோ அலைகளைக் கடல்நீர் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுகிறது. ஒளியும் ஆழம் போவதில்லை. நீருக்குள் நெடுந்தொலைவு செல்லக்கூடியது ஒலி ஒன்றே. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடிப்பதும், பிற கப்பல்களின் ஓசையைக் காத்திருந்து கேட்பதும் சோனார் கருவியின் வேலை.

ஆனால் ஒலி நேர்கோட்டில் செல்வதில்லை. நீரின் வெப்பநிலை 1 பாகை உயர்ந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு 2 அல்லது 3 மீட்டர் கூடும். நம் வெப்பமண்டலக் கடல்களில் மேல்நீர் சூடாகவும், சில பத்து மீட்டர்களுக்குக் கீழே உள்ள நீர் குளிர்ந்தும் இருக்கிறது. கோடையில் தார்ச்சாலையில் கானல் நீர் தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சாலையை ஒட்டிய சூடான காற்றில் ஒளியின் வேகம் சற்று அதிகம். ஆகவே ஒளிக்கதிர், வேகம் குறைந்த குளிர்ந்த பக்கத்தை நோக்கி மேலே வளைகிறது. கடலில் குளிர்ந்த பக்கம் கீழே உள்ளது. ஆகவே கப்பலின் அடியிலிருந்து புறப்படும் ஒலி கீழ்நோக்கி வளைந்துவிடுகிறது. அதன் வழிக்கு அப்பால் ஒலி எட்டாத நிழற்பகுதி உண்டாகிறது. தேர்ந்த நீர்மூழ்கித் தலைவன் அந்த நிழலில் ஒதுங்கிக்கொள்வான்.

கயிற்றில் தொங்கும் காது

இதற்கு வழி, சோனாரையே அந்தக் குளிர்ந்த அடுக்குக்குள் இறக்குவதாகும். ஹெலிகாப்டர் இங்கேதான் துணைக்கு வருகிறது. அலைகளுக்குச் சற்று மேலே அசையாமல் நின்று, நீண்ட வடத்தில் சோனாரைத் தொங்கவிட்டுத் தேவையான ஆழத்தில் அது கேட்கிறது. ஒன்றும் கேட்காவிட்டால் வடத்தைச் சுருட்டிக்கொண்டு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. மேலும், டார்பிடோவால் அதைத் தாக்க முடியாது.

இத்தகைய சீகிங் ஹெலிகாப்டர்கள் 1971இல்தான் நம் கடற்படைக்கு வந்து சேர்ந்தன. ஆனால் குக்ரி போன்ற சிறு கப்பலில் ஹெலிகாப்டர் இறங்கத் தளமே இல்லை. அந்தப் பாடத்தை நம் கப்பல் வடிவமைப்பாளர்கள் மறக்கவில்லை. பம்பாய் மசகான் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1980, 1981ஆம் ஆண்டுகளில் பணியில் சேர்ந்த தாராகிரி, விந்தியகிரி ஆகியவற்றின் வடிவம் சீகிங்கைத் தாங்குமாறு மாற்றப்பட்டது. 1983இல் வந்த கோதாவரி இரண்டு சீகிங்குகளைச் சுமந்தது. பின்னர் ரஷ்யாவின் காமோவ்கள் வந்தன. அவற்றுள் காமோவ்-31 வயிற்றின் கீழ் பெரிய ராடாரைத் தொங்கவிட்டுச் சுழற்றும். கப்பலின் பாய்மரத்தையே வானத்துக்கு நீட்டியது போன்ற ஏற்பாடு இது. 2024 மார்ச்சில் எம்.எச்.60ஆர் சீஹாக் ஹெலிகாப்டர்களின் முதல் அணி கொச்சியில் அமைக்கப்பட்டது.

மிதவைகளும் காந்தமும்

ஹெலிகாப்டரால் நெடுந்தொலைவு செல்ல இயலாது. விமானத்தாலோ ஓரிடத்தில் நிற்க இயலாது. அப்படியானால் விமானம் கடலைக் கேட்பது எப்படி? தன் காதுகளைக் கடலில் விட்டுவிட்டுச் செல்வதன் மூலம்! சோனோபாய் என்னும் ஒலிமிதவைகள் சிறு பாராசூட்டில் இறங்கி நீரில் மிதக்கும். நுண்ணொலிவாங்கி கம்பியில் ஆழத்துக்கு இறங்கும். கேட்பதை எல்லாம் மிதவை ரேடியோ மூலம் விமானத்துக்கு அனுப்பும். ஒரே ஒலி ஒரு மிதவையை அடைந்து 1 நொடி கழித்து மற்றொன்றை அடைந்தால், ஒலி புறப்பட்ட இடம் முதல் மிதவையைவிட இரண்டாவதற்கு 1,500 மீட்டர் அதிகத் தொலைவில் உள்ளது என்று பொருள். மூன்று நான்கு மிதவைகள் இருந்தால் இடத்தையே குறித்துவிடலாம்.

இன்னொரு வழி காந்தம். இரும்பு உடல்கொண்ட நீர்மூழ்கி, பூமியின் காந்தப் புலத்தில் ஒரு சிறு மாறுதலை உண்டாக்குகிறது. ஆனால் அந்த மாறுதல் தொலைவின் முப்படிக்கு ஏற்பக் குறைகிறது. தொலைவு இருமடங்கானால் எட்டில் ஒரு பங்கே மிஞ்சும். ஆகவே இக்கருவியைப் பயன்படுத்த விமானம் கடலுக்கு மிக அருகில் தாழ்ந்து பறக்கவேண்டும். விமானத்தின் சொந்த உலோகம் குழப்பாதிருக்கக் கருவியை வாலுக்குப் பின்னால் நீண்ட குழாயில் வைப்பார்கள். கொடுக்குப் போன்ற வாலுள்ள விமானத்தின் படத்தைக் கண்டால் இனி உங்களுக்குக் காரணம் புரியும்.

1976இல் சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் விமானப்படையிடமிருந்து கடற்படைக்கு வந்தன. அடுத்த ஆண்டே, மிதவைகளும் காந்தக் கருவியும் கொண்ட சோவியத் ஐஎல்-38 விமானங்கள் கோவாவில் பணி தொடங்கின. 2002 அக்டோபர் 1 அன்று, வெள்ளி விழா அணிவகுப்பில் இரண்டு விமானங்கள் வானில் மோதி, அவற்றில் இருந்த 12 பேரும் தரையில் இருந்த சிலரும் உயிரிழந்தனர். எஞ்சியவை புதுப்பிக்கப்பட்டு உழைத்து, 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றன.

அரக்கோணத்தின் ராஜாளி

1988இல் எட்டு டியு-142 விமானங்கள் வந்தன. ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சுழல்விசிறிகள். 10,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் திறன். இந்தப் பெருவிமானங்களுக்கு நீண்ட ஓடுதளம் தேவைப்பட்டது. 1992 மார்ச் 11 அன்று அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தைக் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்தார். அதன் ஓடுதளம் 4 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. அவ்வாண்டே டியு-142கள் அங்குக் குடிபெயர்ந்தன. கால் நூற்றாண்டுக் காலம் அரக்கோண வட்டார மக்கள் அவற்றின் முழக்கத்தைக் கேட்டு வாழ்ந்தனர். 2017 மார்ச் 29 அன்று அவை விடைபெற்றன.

அவற்றின் இடத்தை ஜெட் எஞ்சின் கொண்ட பி-8ஐ விமானங்கள் நிரப்பின. முதலாவது 2013 மே மாதத்தில் அரக்கோணம் வந்தது. 2022க்குள் பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று, அங்கே சுமார் நான்கு மணி நேரம் சுற்றிப் பார்த்துத் திரும்பும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. கரையோரக் காவலுக்கு டார்னியர் என்னும் சிறு விமானங்கள் உள்ளன. இவை கட்டப்படுவது எங்கே தெரியுமா? லிபரேட்டர்கள் குப்பையாகக் கிடந்த அதே கான்பூரில்!

காண்பதும் அறிவதும்

1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற கூலிப்படையினர், பிணையாட்களுடன் புரோகிரஸ் லைட் என்னும் கப்பலில் தப்பியோடினர். நம் கண்காணிப்பு விமானங்கள் அதைக் கண்டு தொடர்ந்தன. கோதாவரி, பெத்வா கப்பல்கள் சென்று மடக்கின. 2024 மார்ச்சில், கடற்கொள்ளையர் பிடித்துவைத்திருந்த ரூவென் என்னும் சரக்குக் கப்பல், நம் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தொலைவில் மடக்கப்பட்டது. மாலுமிகள் 17 பேரும் மீட்கப்பட்டனர். அங்கும் பி-8ஐயின் கண் பயன்பட்டது.

ஆனால் 2008 நவம்பரில் பத்துப் பயங்கரவாதிகள், கைப்பற்றிய ஒரு மீன்பிடிப் படகிலேயே மும்பைக்கு அருகே வந்தபோது ஒருவரும் அறியவில்லை. ராடார் திரையில் ஒவ்வொரு படகும் ஒரு புள்ளி. ஆயிரக்கணக்கான புள்ளிகளுள் எது பகை என்பதைப் புள்ளி சொல்லாது. கரையோர ராடார்கள், கப்பல்களின் அடையாள ஒலிபரப்பு, விமானங்களின் செய்திகள் ஆகிய அனைத்தையும் ஒன்றுசேர்த்து ஆராயும் மையம் 2014இல் குருகிராமில் தொடங்கப்பட்டதற்கு அந்தத் துயரமே காரணம்.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. 2015 ஜூன் 8 அன்று மாலை, கடலோரக் காவல்படையின் டார்னியர் ஒன்று மூவருடன் சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் புறப்பட்டது. இரவு அது திரும்பவில்லை. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. விமானத்தின் கருவி ஒன்று கடலடியிலிருந்து விட்டுவிட்டு எழுப்பிய ஒலியைக் கடைசியில் கேட்டது எது தெரியுமா? சிந்துத்வஜ் என்னும் நம் நீர்மூழ்கிக் கப்பல்! அந்தத் தடத்தைப் பின்பற்றி ஜூலை மாதத்தில், சுமார் 950 மீட்டர் ஆழத்தில் விமானத்தின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. காத்திருந்த மூன்று குடும்பங்களுக்கு விடை கிடைத்தது.

அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, மேலே ஒரு சிறு விமானம் தாழ்ந்து பறந்து செல்வதைக் கண்டால், அதன் உயரத்தை மதிப்பிட்டு வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியும் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால், அதில் இருப்பவர் எவ்வளவு கடலை உங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது விளங்கும்.