பெயர் உரையாத மனிதன்

அமெரிக்காவின் கெத்சமனி மடத்தில் மௌனநெறி பூண்டு வாழ்ந்த கிறித்தவத் துறவி தோமஸ் மேர்ட்டன், அந்நாட்டுப் பழங்குடியினரைப் பற்றி எழுதிய கட்டுரைகள் 1976இல் நூலாயின. அவற்றுள் ஒன்று, யாகி இனத்தில் எஞ்சிய ஒருவரைப் பற்றியது. அவ்வினத்தாருட் பெரும்பாலோரை வெள்ளைக் குடியேறிகள் கொன்றொழித்தபின், 1911இல் கலிபோர்னியாவில் பசியோடு வெளிப்பட்டவர் அவர். தம் பெயரை அந்நியர்க்கு உரைப்பது குலமரபன்று. ஆதலின் மனிதன் எனப் பொருள்படும் 'இஷி' என்றே அழைக்கப்பட்டார். 1916இல் இறக்கும்வரை அப்பெயரை அவர் வெளியிட்டாரல்லர். தீட்சையில் பெற்ற மந்திரத்தைக் காக்கும் நமக்கு இவ்வுறுதி விளங்காததன்று.

குரோ என்னும் குடியின் இளைஞர் மலையுச்சியில் உண்ணாது தனித்திருந்து தெய்வக்காட்சி வேண்டுவர். மூடவழக்கமென ஏனையோர் இகழ்ந்த அதனை மேர்ட்டன் தவமென்றே மதித்தார். 1968இல் நம் இலங்கைக்கு வந்து, பொலன்னறுவைப் புத்தர் சிலைகளை வெறுங்காலுடன் அணுகியவரும் அவரே.