நூறு கட்டம்

கிரெடிட் கார்டு வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் ஒரு கார்டு இருந்தது. உள்ளங்கை அகல மஞ்சள் அட்டை, அதில் நூறு கட்டம். பெயர் தண்டல் அட்டை. அம்மா அதைச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு வைத்திருப்பார். கட்டங்களில் பாதி சுண்ணாம்புக் கறையாக இருக்கும்.

அம்மா மதுரை வடக்கு ஆவணி மூல வீதியில், பழைய சென்ட்ரல் மார்க்கெட் வாசலில் தக்காளி விற்றார். மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போவதற்கு ரொம்ப முந்திய கதை. ஆயிரம் ரூபாய் தண்டல் என்றால் கைக்கு வருவது எண்ணூற்று ஐம்பதுதான். நூற்றைம்பதை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் தினம் பத்து ரூபாய், நூறு நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு டிவிஎஸ் ஐம்பதில் ஒருவர் வருவார். வண்டியை நிறுத்த மாட்டார், ஒரு காலை ஊன்றியபடியே கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மழையானாலும் சித்திரைத் திருவிழாவானாலும் வருவார். நூற்றைம்பதுதானே என்று தோன்றும். ஆனால் கையில் இருக்கும் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறதே! நூறு நாளுக்கும் சராசரியாக நம் கையில் இருந்தது நானூற்றுச் சொச்சம்தான். அப்படிப் போட்டுப் பார்த்தால் மாதம் பத்து வட்டிக்கு மேல் போகும். பிளஸ் டூ படிக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டு அம்மாவிடம் காட்டினேன். "தெரியும்டா. சரக்கு எடுக்க வேற யாரு தருவா?" என்றார்.

எங்கள் ஊரில் வட்டியை வருஷக் கணக்கில் யாரும் பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாயோ அதுதான் வட்டியின் பெயர். ஒரு வட்டி சொந்தக்காரர் வட்டி, மூணு வட்டி பொறுக்கலாம், அஞ்சு வட்டி ஆபத்து, பத்து வட்டி என்றால் வீட்டில் அழுகை கேட்கும். காலையில் தொள்ளாயிரம் வாங்கி இருட்டுவதற்குள் ஆயிரமாகத் திருப்புவதும் உண்டு. தமிழ்நாடு அரசு 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது மீட்டர் வட்டி, தண்டல், கந்து வட்டி என்று தெருவில் புழங்கிய சொற்களையே எடுத்து விளக்கம் எழுதியது. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, முப்பதாயிரம் வரை அபராதம். சட்டப் புத்தகத்தில் எங்கம்மா பேசும் சொல்லைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது.

அதற்கும் முன்னால் ஒரு சட்டம் உண்டு. சென்னை மாகாணத்தில் ராஜாஜி ஆட்சியின்போது, 1938இல் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை சேர்ந்து நின்ற வட்டி போனது போனதுதான், முதலை மட்டும் கட்டினால் போதும் என்றது. முதலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. விளைபொருள் விலை விழுந்து நிலம் கைமாறிக்கொண்டிருந்த காலத்தில் பெரிய காரியம்தான். ஆனால் நிலத்தில் பாத்தியதை உள்ளவர்தான் அந்தச் சட்டத்துக்கு விவசாயி. நாற்று நட்டவருக்கும் கூடை சுமந்தவருக்கும் அதில் இடமில்லை.

அவர்களுக்கு வழி அழகர்கோவில் பக்கமிருந்து வந்தது. 1990இல் மதுரை வட்டாரத்தில் பிரதான் அமைப்பு தொடங்கிய களஞ்சியம் பெண்கள் குழுக்கள், 1997க்குப் பின் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையிடம் வந்தன. பில்லுசேரியின் சின்னப்பிள்ளை நிலமற்ற கூலித் தொழிலாளி, எழுதப் படிக்கத் தெரியாதவர். நடவு வேலைக்கு ஆள் சேர்த்துப்போன அவர்தான் ஊர் ஊராகப் போய்க் குழு சேர்த்தார். 2001 ஜனவரியில் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ. வாஜ்பாய் வணங்கிய படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். எனக்குப் பெரிதாகத் தெரிவது குழுவின் நோட்டு. கடன் கேட்கிறவர் வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால், எதற்கு, எப்படித் திருப்புவேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வட்டி உண்டு, ஆனால் அது குழுவின் பெட்டிக்கே திரும்பிவிடும்.

இத்தனையும் தெரிந்த நான்தான் கார்டில் விழுந்தேன். ஃப்ரிட்ஜ், மகள் காதுகுத்து, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்று எண்பதாயிரம் நின்றது. குறைந்தபட்சத் தொகை நாலாயிரத்தை மாதாமாதம் கட்டி, ஒழுங்காக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பில்லைப் பிரித்துப் பார்த்தேன். வட்டி 2,800, அதன்மேல் ஜிஎஸ்டி 504. நான் கட்டிய நாலாயிரத்தில் அசலில் கழிந்தது 696 ரூபாய்.

அம்மாவிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் வருஷத்துக்கு நாற்பத்திரண்டு சதவீதம் என்று பில்லில் இருந்ததை அவர் பாஷைக்கு மாற்றினேன்.

"மூணரை வட்டியா?" என்றார். "அத வாங்குறப்பவே யாரும் சொல்லலையா?"

சொல்லியிருந்தார்கள், சின்ன எழுத்தில். மூணரை வட்டி என்று யாராவது வாயால் சொல்லியிருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன்.

மறுநாள் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது, எண்பது பைசா வட்டிக்கு. கார்டை அடைத்துவிட்டு, அதே நாலாயிரத்தை நகைக்கடனுக்குக் கட்டுகிறேன். இப்போது முதல் மாதத்திலேயே 3,360 கழிந்தது. அம்மா பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் இருபத்திரண்டு கட்டம் கிழித்துத் தந்தார். ஒண்ணாந்தேதி ரசீதைக் காட்டினால்தான் கட்டத்தில் கையெழுத்து. கையெழுத்து என்றால் சுண்ணாம்பு விரல் ரேகைதான். இதுவரை ஒன்பது.